ரீச்சரின் மட்டி ஓடு

என் வவுனியா வீட்டு முற்றத்தில் ஒரு கடல் மட்டி ஓடு கிடக்கிறது. இரண்டு கையாலும் அணைத்துத்தான் தூக்கவேண்டும், அவ்வளவு பெரிது. காலையில் அதில் தண்ணீர் ஊற்றிவைப்பேன். காகங்கள் வந்து குடிக்கும். இப்போது அதற்குக் குனியவே அலுப்பாக இருக்கிறது.

அது என்னோடு படிப்பித்த விலங்கியல் ரீச்சருடையது. தொண்ணூற்றாறில் சண்டை வந்து முல்லைத்தீவை விட்டுச் சனம் எழும்பியபோது, பள்ளிக்கூட ஆய்வுகூடத்திலிருந்து இந்த ஓட்டையும் சொறிமுட்டை என்ற மிதக்கும் இழுதுமீன் போட்ட போத்தலையும் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தார். தன்னுடைய சீலைப் பெட்டியை விட்டுவிட்டார். போத்தல் வழியிலேயே உடைந்துபோயிற்று.

நாங்கள் போய்ச் சேர்ந்த ஒட்டுசுட்டானில் மரத்தடிதான் பள்ளிக்கூடம். நான் கணக்கு ரீச்சர். பக்கத்து மரத்தடியில் அவர். அவருடைய பாடம் என் காதிலும் விழும். மிதக்கும் பொடி உயிர்கள் நீரோட்டம் போன பக்கம் போகும். பெரிய மட்டி இருந்த இடத்திலிருந்தே அவற்றை வடித்துத் தின்னும். ஆனால் மட்டியும் குஞ்சில் அவற்றோடு மிதந்ததுதான். நல்ல இடம் பார்த்துக் குந்திவிட்டால் பிறகு எழும்பாது.

"மட்டிக்கு ஓடு இருக்கு, மிதக்கிறதுக்குக் காட்ட மாதிரி எங்க ரீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டது.

"ஏன், நாங்கள் இவ்வளவு பேர் இருக்கிறம்தானே!" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அது அவருக்கு ஐந்தாவது இடப்பெயர்வு. ஒரு கொட்டில், ஒரு கிணறு, நாலு மிளகாய்க் கன்று. இனி எழும்பாமல் இருந்தால் போதும் என்பார். எனக்கு வவுனியாவுக்குப் போக அனுமதிப் பாஸ் கிடைத்தபோது அவருக்கும் ஒன்று எடுத்துவைத்தேன். கெஞ்சினேன், பேசினேன்.

"என்னால ஏலாது ரீச்சர். நான் குந்தியிட்டன். நீங்கள் மிதக்கிற ஆள், போங்கோ" என்றவர், ஓட்டைத் தூக்கி என் சைக்கிளில் கட்டினார். "இது இஞ்ச இருந்தா உடைஞ்சுபோம்."

ஓடு உடையும் என்று தெரிந்த மனுசிக்குத் தன்னைப் பற்றித் தெரியாமலா போயிற்று? அந்தக் கேள்வி அப்போது எனக்கு வரவில்லை. ஓட்டின் பாரம்தான் தெரிந்தது.

அடுத்த மாரிக்குள் ஒட்டுசுட்டானும் எழும்பியது. ரீச்சரும் சனத்தோடு போனாராம். எந்தப் பக்கம் என்று சொல்ல ஒருவருமில்லை. மிதக்கிற ஆள் என்று அவர் சொன்ன நான் இந்த ஒரே முற்றத்தில் கிழவியாகிவிட்டேன்.

இன்று காலை கழுவுவதற்காக ஓட்டை நகர்த்தப் பார்த்தேன். பாதி மண்ணுக்குள் இறங்கிவிட்டது, அசையவில்லை. ரீச்சர், உங்கட மட்டி இஞ்ச குந்தியிட்டுது. எனக்கும் இனி ஏலாது. வந்து எடுத்துக்கொண்டு போங்கோ.