கராம்பு மரத்தில் தொங்கிய போன்

யுத்தம் முடிவதற்கு முந்தின வருடம். இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாய்க் கட்டிய வீடுகளில் ஒன்றில், நானும் நாத்தனாரும் இருந்தோம். கணவருக்குக் கொழும்பில் துணிக்கடை வேலை. எங்களுக்குச் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் வாசலுக்கு எதிரே இருந்த கராம்பு மரம்தான். அதன் கிளையில் ஒரு பையில் போனைத் தொங்கவிட்டிருப்போம். வேலை முடிந்து அறைக்குப் போனதும் அவர் ஒரு மிஸ்ட் கால் விடுவார். ஒருமுறை அடித்து நின்றால் ஆள் பத்திரம் என்று அர்த்தம். அது கேட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

ஒருநாள் பின்னேரம், கொழும்பில் பஸ்ஸில் குண்டு வெடித்ததாக ரேடியோவில் சொன்னார்கள். அவர் தினமும் போய் வரும் பாதை அது. மரத்தடியில் நின்று திரும்பத் திரும்ப அடித்தேன். லைன் கிடைக்கவே இல்லை. குண்டுக்குத் தப்பியிருந்தாலும் தமிழ் ஆள் என்று பிடித்துக்கொண்டு போயிருப்பார்களோ என்ற பயம் வேறு. அவசரத்தில் நம்பர்களே தப்பித் தப்பி விழுந்தன.

தூறல் ஆரம்பித்தது. போன் நனைந்தால் இருக்கிற ஒரு வழியும் போய்விடும் என்று உள்ளே கொண்டுபோனேன். மடியில் வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்தேன். காம்பரா அறைக்குள் சிக்னல் எட்டிப்பார்க்காது என்பது அடியோடு மறந்துபோனது. இருட்டுகிற நேரமாகியும் மிஸ்ட் கால் வரவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து கூடினார்கள்.

பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துக் கொடுத்துவிட்டு நாத்தனார் வந்தாள்.

“அண்ணி, போனு எங்க?”

மடியைக் காட்டினேன்.

“இங்க வச்சிக்கிட்டிருந்தா எப்புடி வரும்? குடுங்க.”

தலையில் போட்டிருந்த பிளாஸ்டிக் விரிப்பைக் கிழித்து, போனைச் சுற்றி, மரத்தில் மாட்டினாள். கொஞ்ச நேரத்தில் சின்னதாக ஒரு சத்தம். மிஸ்ட் கால் இல்லை, மெசேஜ். அவர் அதுவரை மெசேஜே அனுப்பியதில்லை. இங்கிலீஷ் எழுத்தில் இருந்த தமிழை நாத்தனார் கூட்டிக் கூட்டி வாசித்தாள்.

“நான் நல்லா இருக்கேன். லைன் போகல. பயப்படாத.”

ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

குண்டு வெடித்ததும் பலமுறை அடித்துப் பார்த்து, லைன் போகாததால் மெசேஜ் அனுப்பினாராம்; அதற்குள் நான் போனை உள்ளே கொண்டுபோயிருந்தேன். எல்லோரும் ஒரே நேரத்தில் பேச முயன்றால் லைன் அடைத்துக்கொள்ளும், சின்ன மெசேஜ் எப்படியாவது நுழைந்துவிடும் என்று வீட்டுக்கு வந்தபோது சொன்னார். நம் போனுக்குச் சிக்னல் இல்லாவிட்டால் அது கம்பெனி இயந்திரத்தில் காத்திருந்து, கிடைத்ததும் வந்து சேருமாம். போனை மடியில் வைத்துக்கொண்டு நான் செத்துப் பிழைத்த அவ்வளவு நேரமும் அவருடைய ‘நல்லா இருக்கேன்’ எங்கள் வாசலிலேயே காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

இப்போது காம்பராவுக்குள்ளேயே சிக்னல் தாராளம். ஆனாலும் வெளியே போன பிள்ளைகளிடமிருந்து தகவல் வரத் தாமதமானால், அழுவதற்கு முன்னால் போனைத் தூக்கிக்கொண்டு அந்த மரத்தடிக்குத்தான் போகிறேன்.