சிவப்பில் வரைந்த முகப்பு

பகல் பதினொன்றரை மணிக்குத் தொலைபேசி அடித்தது. 1992, மாசி மாதம். மம்சாபுரத்திலிருந்து கல்யாணச் சேலை எடுக்க வந்த குடும்பத்துக்கு முன்னால் பீர் முகமது தன் ஜவுளிக்கடையில் பட்டுச் சேலைகளை விரித்துப் போட்டிருந்தார். ரிசீவரைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, கையிலிருந்த சேலையின் முந்தியை மடித்தபடியே பேசினார்.

மறுமுனையில் ராஜபாளையத்திலிருந்து சூசையின் மைத்துனன், சந்தனமேரியின் தம்பி. "அண்ணாச்சி, சூசை அத்தான் தவறிட்டாரு. காலையில ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுல நெஞ்சப் பிடிச்சிக்கிட்டு உக்காந்தவருதான். வண்டி மதியத்துக்கு மேல இங்க வந்துரும்."

"எந்தச் சூசை?" என்று கேட்டார் பீர் முகமது. அவருக்குத் தெரிந்த சூசை ஒருவர்தான்.

ரிசீவரை வைத்த பிறகு, அந்தக் குடும்பத்தில் மூத்தவள் இந்த பார்டருக்கு ரவிக்கைத் துணி சேர்ந்தே வருமா என்று கேட்டாள். வரும் என்றார். எடுத்துக் காட்டவும் செய்தார். துணியை வெட்டக் கத்திரிக்கோலைக் கையில் எடுத்தவர், எங்கே வெட்டுவது என்று தெரியாமல் நின்றார்.

சூசை கட்டட வரைபடங்களைச் சரிபார்க்கும் ஓர் அலுவலகத்தில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவர். ராஜபாளையத்தில் வாடகை வீடு. மனைவி சந்தனமேரி அங்கே பேண்டேஜ் துணி மடிக்கும் கம்பெனியில் வேலை பார்த்தாள். பிள்ளைகள் இல்லை. தினமும் டவுன் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து போவார். கோயிலைச் சுற்றித் தேர் ஓடும் தெருக்களில் யாராவது வீட்டு முகப்பை, கடை முகப்பை மாற்ற விண்ணப்பித்தால் அந்தக் கோப்பு அவர் மேசைக்குத்தான் வரும். உயரம் எவ்வளவு, தெருவுக்குள் நீட்டல் எவ்வளவு என்று அளந்து குறிப்பு எழுத வேண்டியது அவர் வேலை. மற்றவர்கள் அதை உட்கார்ந்த இடத்திலேயே எழுதிவிடுவார்கள். சூசை தெருவுக்குப் போவார். கட்டடத்துக்கு முன்னால் நின்று, அண்ணாந்து பார்த்தபடியே பின்னால் நடப்பார். முழு முகப்பும் இரண்டு பக்கத்து வீடுகளும் சேர்ந்து கண்ணில் விழும்வரை பின்னாலேயே போவார். எண்பத்தொன்றில் ஒரு நாள் அப்படிப் போய்த்தான் பீர் முகமதுவின் சைக்கிள் மீது விழுந்தார்.

"ஏன்வே, ஒமக்குக் கண்ணு முதுகுலயா இருக்கு?"

"முன்னால இருக்குறதாலதான் ஒம்ம சைக்கிளு தெரியல."

பேச்சு அங்கேதான் ஆரம்பித்தது. எட்டு வருடம் ஓயவில்லை. மாலை ஐந்தரைக்கு அலுவலகம் விட்டதும் சூசை கடைக்கு வருவார். கல்லாவுக்குப் பக்கத்து ஸ்டூல் அவருக்கு. டீ வரும். ஒரு நாள் பீர் முகமது கேட்டார்:

"இந்தத் தெருவுலயே நல்ல கட்டடம் எதுவே?"

"ஒம்ம கடையைத் தவிர எல்லாமே நல்லாத்தான் இருக்கு."

கோபிக்க முடியாது. அது உண்மை. தெரு முழுக்க ஓட்டுச் சாய்ப்பும் மரத்தூணும் இறங்கி நிற்க, நடுவில் பீர் முகமதுவின் வாப்பா அறுபத்தொன்பதில் கட்டிய கான்கிரீட் கடை ஒரு பெட்டியை நிமிர்த்தி வைத்ததுபோல் நின்றது. "வாப்பா சிலோன்ல பாத்துட்டு வந்து கட்டுனது" என்பார் பீர் முகமது. "அப்ப சிலோன்லயே கட்டியிருக்கலாம்லா" என்பார் சூசை. உள்ளே சௌதா, பீர் முகமதுவின் மனைவி, சிரிப்பது கேட்கும்.

எண்பத்தொன்பது தையில் ராஜபாளையத்தில் கண்ணாடி முகப்போடு புது ஜவுளிக்கடை ஒன்று வந்தது. பெண்பிள்ளைகள் பஸ் ஏறி அங்கே போனார்கள். பீர் முகமதுவும் முகப்பு முழுவதையும் கண்ணாடியாக்க முடிவுசெய்தார். ஒரு சர்வேயரைப் பிடித்து வரைபடம் போடச் சொன்னார். பிரதிகள் வந்தன. சர்வேயர் அவற்றில் நிறம் தீட்டும் முன்பே வாங்கி, கேட்ட இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கோப்பு சூசையின் மேசைக்குப் போனது.

அன்று மாலை சூசை கடைக்கு வந்தார். ஸ்டூலில் உட்காரவில்லை.

"ஏலே பீரு, ஒன் ஃபைலு எங்கிட்ட வந்திருக்கு. அது கைய விட்டுப் போற வரைக்கும் இங்க டீ குடிக்க மாட்டேன். பொறவு ரெண்டு டீயாக் குடிச்சிக்கிடுதேன்."

"போம்வே, நீரு குடிக்காததுல டீக்கடக்காரருதான் நொடிக்கப்போறாரு."

இருவரும் சிரித்தார்கள். முதல் மாதம் பீர் முகமதுவுக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. நேர்மையான ஆள் என்று நாலு பேரிடம் சொன்னார். இரண்டாவது மாதம் ஸ்டூல் காலியாகவே கிடந்தது. மூன்றாவது மாதம் சூசை எதிர்வரிசையில் நின்று கடையை அண்ணாந்து பார்ப்பதும், கையகல நோட்டில் எதையோ குறிப்பதும், கடைக்குள் பார்க்காமல் போய்விடுவதும் தெரிந்தது. ஒரு நாள் பக்கத்து வீட்டுச் சாய்ப்பை டேப் வைத்து அளந்தார். இன்னொரு நாள் அதற்கும் அடுத்த வீட்டை. ஊரான் வீட்டை எல்லாம் எதற்கு அளக்கிறான் என்று பீர் முகமதுவுக்கு எரிந்தது. கல்யாண மாதங்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

ஐந்தாவது மாதம் அவரே அலுவலகத்துக்குப் போனார். சூசை வெளியே போயிருந்தார். மேசைமேல் வரைபடம் விரித்திருந்தது. நான்கு மூலையிலும் கல் வைத்திருந்தது. குனிந்து பார்த்தார். தன் கடைதான். முகப்பு முழுக்கச் சிவப்பு. ஒரு விரற்கடை இடம் விடாமல் சிவப்புப் பென்சிலால் கோடு கோடாக இழுத்து வைத்திருந்தது.

மில்லிலிருந்து வரும் துணியில் இழை விட்ட இடம், எண்ணெய்க் கறை பட்ட இடம் எல்லாம் ஓரத்தில் சிவப்புப் பென்சில் குறியோடு வரும். சிவப்பு விழுந்தால் கழிவு. அதைத் தனியாக ஒதுக்கி வைக்க வேண்டும் என்று பன்னிரண்டு வயதில் வாப்பா அவருக்குச் சொல்லிக்கொடுத்தார். முப்பது வருடம் அந்தக் கண்ணோடு துணி பார்த்தவர் அதே கண்ணோடு வரைபடத்தையும் பார்த்தார். எதுவும் தேறாது என்று எழுதிவிட்டான் என்று புரிந்துகொண்டார். ஆள் வரும்வரை இருந்து கேட்கவில்லை. கேட்டால் அழுகை வந்துவிடும் என்று பயந்தார். அதைக் கோபம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

மச்சினன் அபுதாஹிர் மனு எழுதிக் கொடுத்தான். அந்த ஊழியர் வேண்டுமென்றே கோப்பைத் தாமதிக்கிறார், சொந்த ஊருக்குப் பக்கத்திலேயே வருடக்கணக்காக இருந்துகொண்டு வியாபாரிகளை அலைக்கழிக்கிறார் என்று மேல் அலுவலகத்துக்கு. பீர் முகமது கையெழுத்துப் போட்டார். சௌதாவிடம் சொல்லவில்லை.

ஆறு வாரத்தில் சூசைக்கு மாறுதல் வந்தது, ராமநாதபுரம் பக்கம். கடைசி நாள் மாலை அவர் எதிர்வரிசையில் வந்து நின்றார். தோளில் ஒரு பை, அதில் சுருட்டிய காகிதங்கள். வழக்கம்போல் கடையைப் பார்த்தபடி இரண்டடி பின்னால் போனார். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னாலிருந்து பீர் முகமது பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தலையைக் குனிந்து, அளந்த துணியையே இன்னொரு முறை அளந்தார். நிமிர்ந்தபோது தெருவில் ஆள் இல்லை.

மூன்றாம் நாள் அனுமதி வந்துவிட்டதாக ஆள் வந்து சொன்னான்.

பீர் முகமது அலுவலகத்துக்கு ஓடினார். சூசையின் நாற்காலியில் அய்யம்மாள் என்ற பெண் இருந்தாள். ஐடிஐ முடித்துவிட்டுப் புதிதாக வேலைக்கு வந்து, சில மாதம் சூசைக்கு அடுத்த மேசையில் இருந்தவள். வரைபடத்தை எடுத்து விரித்தாள். அதே சிவப்பு.

"அனுமதின்னாவ. இதுல எல்லாத்தையும்லா அடிச்சு வச்சிருக்கு?"

"எது, சிவப்பா? அண்ணாச்சி, சிவப்புன்னா புதுசாக் கட்டப்போறது. கறுப்பு இப்ப இருக்கறது. மஞ்சள்தான் இடிக்கறது. இதுல மஞ்சளு கொஞ்சந்தான் இருக்கு, பாருங்க."

அவர் பார்த்தார். அவள் விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். கட்டடம் மேற்கு பார்த்தது. முழுக்கக் கண்ணாடி போட்டால் மூன்று மணி வெயிலில் பட்டுச் சேலை சாயம் வெளுத்துப்போகும் என்று சூசை ஓரத்தில் எழுதியிருந்தார். கண்ணாடியை ஐந்தடி உள்ளே தள்ளி, அதற்கு முன்னால் தூண் நிறுத்தி ஒரு நடை, அதற்கு மேலே இரண்டு பக்கத்து வீடுகளின் சாய்ப்பும் வந்து சேரும் உயரத்தில் ஒரு சாய்வு. அந்த உயரம் கிடைப்பதற்காகத்தான் பதினொரு வீட்டை அளந்திருந்தார். நீளமான டிரேசிங் தாளில் அந்த வீடுகள் எல்லாம் வரிசையாகக் கறுப்பில் நின்றன. நடுவே சிவப்பில் ஒரு கடை. முதன்முறையாக அது அந்தத் தெருவின் கடைபோல் இருந்தது.

"இதெல்லாம் அவியளா வரைய வேண்டியதில்ல" என்றாள் அய்யம்மாள். "ஒத்துவராதுன்னு ரெண்டு வரி எழுதித் திருப்பி அனுப்பியிருந்தா முடிஞ்சிது. திருப்பி அனுப்புனா நீங்க மறுபடி சர்வேயருக்கு அலையணும்னு, லீவு நாளுல உக்காந்து போட்டாரு."

பிறகு அவளுக்கு ஏதோ தோன்றியிருக்க வேண்டும். கோப்பின் கடைசித் தாளைத் திருப்பி அவர் பக்கம் வைத்தாள். மனுவின் நகல். அடியில் அவருடைய கையெழுத்து. அதற்குச் சூசையிடம் விளக்கம் கேட்டிருந்தார்கள். அவர் ஒரே வரி எழுதியிருந்தார்: மனுதாரர் கூறுவது சரி, தாமதம் என்னுடையது.

அன்று இரவு அவர் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் சௌதா சோறு போட்டுவிட்டுச் சொன்னாள்: "நாளைக்கே போங்க. கால்ல விழுந்தாலும் தப்பில்ல."

"வெறுங்கையோட எப்படிப் போய் நிக்கிறது? அவன் வரைஞ்ச மாதிரியே கட்டி முடிச்சிருதேன். பொறவு போய்க் கையப் பிடிச்சுக் கூட்டியாந்து, எதிர்ல நிறுத்தி, பாரும்வேன்னு சொல்லுதேன்."

"அதுக்குள்ள அவிய என்ன நினைப்பாவ?"

"அவனுக்கு என்னயத் தெரியும்."

கட்டுமானம் இரண்டு வருடத்துக்கு மேல் இழுத்தது. முதல் வருடம் சிமெண்ட் கிடைக்கத் தாமதம். ஆலங்குளம் சிமெண்ட் ஆலைக்கே ஆள் அனுப்பிப் பார்த்தார். பிறகு தூணுக்கு ஏற்ற கல் கிடைக்கவில்லை. கொத்தனார் பால்சாமி, அண்ணாச்சி, தூணு கல்லுலதான் வேணுமா, பூசியே அப்படிக் காட்டிருதேன் என்று கெஞ்சினார். பீர் முகமது ஒப்புக்கொள்ளவில்லை. சூசை வரைந்ததில் ஓரங்குலம் மாறினாலும் இடிக்கச் சொன்னார். இரண்டு முறை இடித்தார்கள். ராமநாதபுரம் பஸ்ஸைத் தெருமுனையில் பார்க்கும்போதெல்லாம் அடுத்த மாதம் என்று நினைத்துக்கொள்வார். கடிதம் எழுதலாம் என்று சௌதா சொன்னபோது, நேரில் சொல்ல வேண்டியதைக் காகிதத்தில் சொல்லக் கூடாது என்றார். ஏற்கனவே ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டவர் அவர்.

தொலைபேசி வந்த அன்று பகல் கடையை அடைத்துவிட்டு ராஜபாளையத்துக்குப் போனார். வண்டி வந்திருந்தது. சின்ன வீடு, கூட்டம் வாசலோடு நின்றது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். சூசைக்கு வெள்ளை வேட்டி உடுத்தி, மார்பில் சிலுவை வைத்திருந்தார்கள். முகம் இளைத்துப் போயிருந்தது. காது ஓரத்தில் பென்சில் செருகிச் செருகி விழுந்த பள்ளம் அப்படியே இருந்தது.

சந்தனமேரி நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று அவருக்குத் தெரியவில்லை.

"வந்துட்டீகளா அண்ணாச்சி. ஒங்க கட எப்படி வந்திருக்குன்னு லீவுக்கு வரும்போதெல்லாம் கேப்பாரு. எனக்கு என்ன தெரியும், நான் எங்க அந்தப் பக்கம் போறேன்? ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வாங்களேன்னு சொன்னேன். கூப்பிடாம எப்படிப் போறது, வேலை முடிஞ்சா அவனே கூப்பிடுவான்னாரு."

பீர் முகமது வாயைத் திறந்தார். இரண்டு வருடமாக மனதுக்குள் சேர்த்து வைத்த சொற்களில் ஒன்றும் அவளுக்கு உரியதல்ல. அதைக் கேட்க வேண்டியவர் படுத்திருந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு உட்கார்ந்தார். யாரோ ஒருவர், மெத்தப் பழக்கம்போல என்று பக்கத்தில் இருந்தவரிடம் மெல்லச் சொன்னார்.

கல்லறைத் தோட்டத்தில் மண் போடும்போது அவரையும் கூப்பிட்டார்கள். போட்டார். மாலை பஸ்ஸில் திரும்பினார். தெருவில் இறங்கி, கடைக்கு எதிர்வரிசைக்குப் போய், முதுகு காட்டாமல் பின்னால் நடந்து பார்த்தார். பதினொரு வீடும் கடையும் ஒரே வரிசையாகக் கண்ணில் விழுந்தன. காட்டுவதற்குத்தான் ஆள் இல்லை.

தென்கோடியில், பக்கத்து வீட்டுச் சாய்ப்போடு வந்து சேர வேண்டிய மூன்றடி மட்டும் பாக்கி. அந்த வீட்டு ஓடுகளில் இரண்டு வரிசையைக் கழற்றினால்தான் அங்கே கான்கிரீட் போட முடியும். பங்குனியில் போடுவதாகப் பேசி, கம்பி கட்டி, பலகை அடித்து வைத்திருந்தார்கள். பங்குனியில் பால்சாமி வந்து போடலாமா என்று கேட்டார். ஆடியிலும் கேட்டார். அதற்கடுத்த வருடம் பலகையை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு போனார். தொண்ணூற்றாறு வரைக்கும் அந்த மூன்றடியில் கான்கிரீட் போட பீர் முகமது விடவில்லை.