அங்கமுத்து துப்பிய லாரிகள்

திருச்செங்கோட்டில், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரிகளைப் பழுது பார்க்கும் பட்டறை வரிசையில், டயர் கடைச் சுவரோரம் கிடந்தவன் அங்கமுத்து. ஒரு காலத்தில் அவனும் ரிக் வண்டியேறி வடக்கே போய் போர் போட்டவன்தான். திரும்பி வந்தபோது காதுக்குள் யாரோ ஓயாமல் வைதுகொண்டிருந்தார்கள். பதிலுக்கு அவனும் வைவான், துப்புவான்.

ஒருநாள் பட்டறை முதலாளி முருகானந்தத்தின் புது ரிக் மேல் துப்பிவிட்டான். போன இடத்தில் முதல் போரிலேயே தண்ணி பீச்சியடித்தது. அன்றோடு அங்கமுத்து சாமியாகிவிட்டான். புறப்படும் வண்டியெல்லாம் அவன் முன்னால் நின்று உறுமின. பிரியாணிப் பொட்டலம் வந்தது, மாலை வந்தது. காலில் இருந்த புண்ணுக்குத் திருநீறு பூசினார்கள்.

தங்கச்சி ராமாயி பள்ளிபாளையத்தில் தறி ஓட்டுகிறவள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆட்டோவோடு வந்தாள்.

முருகானந்தம் மறித்தார். "ஏனம்மிணி, சாமிக்கு ஊசி போடுவாங்களா?"

"உங்களுக்குச் சாமிங்க. எனக்கு அண்ணன். புண்ணுல புழு நெளியுது, பாருங்க."

"அதுவும் ஒரு உசுருதானே!" என்றான் எவனோ. சிரித்தார்கள்.

அவள் விடவில்லை; ஆஸ்பத்திரியில் சேர்த்து, மாத்திரையும் போட வைத்தாள். சில மாதத்தில் புண் ஆறியது. காதுக்குள் வசவும் அடங்கியது. ஆனால் ராமாயி குடியிருந்த லைன் வீட்டு ஓனர், "பைத்தியத்த உள்ள வெச்சா ஊட்டக் காலி பண்ணு" என்றார். முடி வெட்டி, சலவைச் சட்டை மாட்டி, அங்கமுத்து பட்டறைக்கே வந்து நின்றான்.

"கிரீஸ் அடிக்கற வேலையாச்சும் குடுங்ணா."

"கிறுக்கன வேலைக்கு வெச்சா எவன்டா எங்கிட்ட வண்டிய உடுவான்?" என்றார், அவனை விழுந்து கும்பிட்ட முருகானந்தம்.

டீக்கடைக்காரரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ராமாயி மாத்திரை வாங்கி வந்த ஞாயிற்றுக்கிழமை, அதே சுவரோரம் அங்கமுத்து படுத்திருந்தான்.

"மாத்திரை போடறியாண்ணா?"

"நிறுத்திட்டேன் சாமி. அதப் போட்டா வயிறு கபகபன்னு பசிக்குது. தெளிஞ்சவனுக்கு எவன் சோறு போடறான்?"

தூக்குப்போசியைத் திறந்து வைத்தாள். அள்ளி அள்ளித் தின்றான். "தெனமும் கொண்டாறேன்" என்றாள். தறியை விட்டுவிட்டு அவளால் வர முடியாதென்று இருவருக்கும் தெரியும்.

அடுத்த முறை வந்தபோது அவன் கழுத்தில் சாமந்தி மாலை கிடந்தது. கையைப் பிடித்து, "வாண்ணா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்று இழுத்தாள். "எவடி நீ?" என்று அவளைப் பிடித்துத் தள்ளி, அம்மாவையும் சேர்த்து வைதான். முழங்கை சிராய்த்து ரத்தம் கசிய அவள் எழுந்தாள்.

"அழுவாத அம்மிணி" என்றார் முருகானந்தம். "சாமி வாயால வசவு வாங்கிட்ட. இனி உனக்கு நல்ல காலந்தான்."