திருகோணமலையில் நிற்காத கப்பல்

காரைக்குடியில் ஒரு வக்கீல் ஆபீசில் முப்பத்திரண்டு வருஷமாக டைப் அடிக்கிறேன். அப்போது மெஷின், இப்போது கம்ப்யூட்டர். வாடகை ஒப்பந்தம், பாகப்பிரிவினை, விவாகரத்து என்று எது வந்தாலும் கடைசியில் ‘மேற்கண்டவற்றைப் படித்துப் பார்த்து, சம்மதித்துக் கையெழுத்திடுகிறேன்’ என்று ஒரு வரி வரும். அதை என் விரல்கள் தாமாகவே அடித்துவிடும். ஆனால் கையெழுத்துப் போட வருகிறவர்களை மட்டும் சும்மா விட மாட்டேன். “படிச்சீகளா? படிக்காம போடாதீக” என்று அதட்டுவேன். “விடுங்கம்மா, வந்தவுகளை மிரட்டாதீக” என்று வக்கீலே சிரிப்பார்.

அப்பேர்ப்பட்ட நான், என் ஆயுசில் ஏறிய ஒரே கப்பலுக்கு ஒரு வரிகூடப் படிக்காமல் சம்மதம் சொன்னேன். கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த என் மகள் போனை நீட்டி, “இங்க ஒரு டிக் போடும்மா” என்றாள். போட்டேன். அந்தத் திரையில் எத்தனையோ இருந்தன. என் கண்ணில் பட்டது திருகோணமலை என்ற ஊர்ப்பெயர் மட்டும்தான்.

அங்கேதான் என் அக்கா இருக்கிறாள். எங்களுடையது தச்சு வேலைக் குடும்பம். ஒக்கூர் அகதி முகாமிலிருந்து பெயின்ட் அடிக்க வந்த ஒருவரை அக்கா கட்டிக்கொள்வேன் என்றாள். அப்பா ஆறு மாசம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு அவரே மணவறைக்குப் பலகை இழைத்துக் கொடுத்தார். அங்கே சண்டை ஓய்ந்த பிறகு அத்தான் தன் ஊருக்கே திரும்பிப் போக ஆசைப்பட்டார். அக்காவும் போனாள். அத்தான் இப்போது இல்லை. அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய், வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள். ஊரைவிட்டு நகர முடியாது. எனக்குக் காதில் ஆபரேஷன் ஆனதிலிருந்து விமானம் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாகப்பட்டினத்திலிருந்து போகும் கப்பலை அப்போது நிறுத்தி வைத்திருந்தார்கள். ஆக, நாங்கள் நேரில் பார்த்துக்கொண்டு பதினைந்து வருஷம் ஆகியிருந்தது.

வீடியோவில் தினமும் பார்க்கிறீர்களே என்பார்கள். எனக்கு வேண்டியது முகம் இல்லை. பள்ளிக்கூட நாளில் நாங்கள் ஒரே பாயில் படுப்போம். அக்கா தூக்கத்தில் காலைத் தூக்கி என் மேல் போடுவாள். கனம் தாங்காமல் தள்ளிவிடுவேன். சற்று நேரத்தில் திரும்பப் போடுவாள். அந்தக் கனம்தான் எனக்கு வேண்டியிருந்தது. ஐம்பத்தாறு வயதில் இதைப் போய் யாரிடம் சொல்வது? அவளிடம்தான் சொன்னேன். “எனக்கும் அப்பிடித்தான்டி இருக்கு. வா, ஒரு மணி நேரம் பக்கத்துல படுத்துக் கதைச்சிட்டுப் போ” என்றாள். அவள் பேச்சில் இப்போது பாதி அந்த ஊர்.

மகள் பதிவு செய்த சுற்றுலாக் கப்பல் சென்னையில் கிளம்பி, மூன்றாம் நாள் காலை திருகோணமலையில் நிற்கும், சாயங்காலம் வரை இறங்கிச் சுற்றலாம் என்று போட்டிருந்தது. அது வியாழக்கிழமை. அக்காவுக்கு வியாழன் ஆஸ்பத்திரி நாள். அவள் அங்கே யார் யாரிடமோ கெஞ்சி அதைப் புதனுக்கு மாற்றி வாங்கிக்கொண்டாள். காரைக்குடியிலிருந்து போகிறவள் பலகார டப்பா இல்லாமல் போவதா என்று எனக்கு மனசே ஆறவில்லை. ஆனால் உப்பு கூடாது, அது கூடாது, இது கூடாது, தண்ணீரே அளந்துதான். கடைசியில் எங்கள் அம்மாவின் சிவப்புக் கண்டாங்கிச் சேலை ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். துவைத்துத் துவைத்துப் பஞ்சுபோல் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் விரித்துப் படுத்துக்கொள்ள ஆகும் என்று நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கூட்டத்தைப் பார்த்தே பழகினவர், ஆனால் கூச்சம் அதிகம். கப்பலில் எல்லாரும் ஆட்டம் பாட்டமாக இருக்க, இவர் லிஃப்ட் பக்கத்திலேயே நின்று எத்தனை பேர் ஏறுகிறார்கள், எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு ராத்திரியும் சரியாகத் தூங்கவில்லை. கப்பல் ஆடியது உண்மைதான். ஆனால் நான் தூங்காததற்குக் கடல் காரணம் இல்லை.

மூன்றாம் நாள் காலை ஒன்பதரைக்கு ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். காற்றும் அலையும் அதிகமாக இருப்பதால் துறைமுகத்துக்கு வழிகாட்டும் ஆள் படகிலிருந்து கப்பலில் ஏற முடியவில்லை. சற்று நேரம் வெளியே நின்று பார்ப்போம், காற்று அடங்காவிட்டால் திருகோணமலையை விட்டுவிட்டு நேரே சென்னைக்குத் திரும்புவோம் என்றார்கள். எனக்குக் காலிலிருந்து தலைவரை எரிந்தது.

கப்பலின் வைஃபையில் அக்காவுக்குச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டுப் போனை வைத்தாள். பிறகு எழுதி அனுப்பினாள்: ‘நான் ஆட்டோ பிடிச்சு கோயில் மலைக்கு வந்திடுறேன். அங்க நிண்டா கடல் முழுசும் தெரியும். நீ மேல்தளத்துல நில்லு. அம்மா சேலையை விரிச்சுக் காட்டு. இறங்கவிடாட்டியும் பார்த்துக்கலாம்.’

என் வீட்டுக்காரர் சேலையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, “வா, மேல போவோம்” என்றார்.

இந்த இடத்தில்தான் முப்பத்திரண்டு வருஷ வக்கீல் ஆபீஸ் எனக்குள் எழுந்து நின்றது. எதையும் எழுத்தில் வாங்கு. வாயால் சொன்னது நாளைக்கு நிற்காது. எத்தனை பேர் எங்கள் ஆபீசுக்கு வந்து, “சொன்னாக ஐயா, ஆனா எழுதிக் குடுக்கல” என்று அழுதிருக்கிறார்கள்! “நீங்க முன்னாடி போங்க. எழுத்துல வாங்கிட்டுப் பத்து நிமிஷத்துல வந்துடுறேன்” என்றேன்.

“அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.”

“அப்புறம் குடுக்க மாட்டாக. நீங்க போங்க.”

கீழே வரவேற்பு மேசையில் எனக்கு முன்னால் பத்துப் பேர் நின்றார்கள். மேசையில் இருந்த பெண் எல்லாரிடமும் ஒரே பதிலைச் சொன்னாள், கேப்டன் முடிவு. என் முறை வந்ததும், நிறுத்த மாட்டோம் என்பதையும் அதற்கான காரணத்தையும் எழுத்தில் கொடுங்கள் என்றேன். அப்படி ஒரு வழக்கம் இல்லை என்றாள். இல்லாவிட்டால் உண்டாக்குங்கள் என்றேன். தமிழ் தெரிந்த ஒரு ஊழியரைக் கூட்டி வந்தார்கள்; பிறகு மேலாளர் வந்தார். நான் என் புகாரை என் கையாலேயே எழுதி, பெற்றுக்கொண்ட நேரத்தைப் போடச் சொன்னேன். 10.10 என்று போட்டார்கள். பதில் கடிதம் அடித்து வந்தது. அதில் தேதி இல்லை. திருப்பிக் கொடுத்தேன். தேதி வந்தது, முத்திரை இல்லை. திருப்பிக் கொடுத்தேன். எல்லாம் சரியாகி வந்ததும், கொடுத்த நேரத்தையும் எழுதச் சொன்னேன். 11.20.

அந்தக் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைக்கும்போது காலுக்குக் கீழே தரை லேசாக அதிர்ந்தது. ஜன்னலில் வெயில் இடம் மாறியது. கப்பல் திரும்பிக்கொண்டிருந்தது.

லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. ஏழு மாடி படியேறினேன். மேலே போனபோது தண்ணீரும், தூரத்தில் கரியால் இழுத்த கோடுபோல் ஒரு கரையும்தான் இருந்தன. அவர் சேலையை மார்போடு சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“இப்பத்தான் திரும்புச்சு” என்றார். “மலை தெரிஞ்சுச்சு. கோயில்கூடத் தெரிஞ்சுச்சு. நீ வரக் காணாம்னு நானே சேலையை விரிச்சுப் புடிச்சேன். காத்து புடுங்கிட்டுப் போகப் பாத்துச்சு, விடல.”

சுற்றிலும் இருந்தவர்கள் அவரை வேடிக்கை பார்த்திருப்பார்கள். பஸ்ஸில் சத்தமாக விசில் ஊதவே கூச்சப்பட்ட மனுஷர். அவர் ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அன்று சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள். குரல் வறண்டிருந்தது. தண்ணீர் அளவு தாண்டிவிடுமே என்று அந்த வெயிலில் குடிக்காமலே நின்றிருக்கிறாள். “பாத்தேன்டி. பக்கத்து வீட்டுப் புள்ளை போன்ல பெருசாக்கிக் காட்டுச்சு. ஊசிமுனை அளவுதான், ஆனா செவப்பா ஆடுச்சு. ரெண்டு கையாலயும் விரிச்சுப் புடிச்சுக்கிட்டு நிக்கிறியே, கை வலிக்கலையா?”

அவர் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்காமல், “இல்லக்கா, வலிக்கல” என்றேன்.

ஊருக்கு வந்ததும் வக்கீலிடம் காகிதத்தைக் கொடுத்து, கேஸ் போடுங்கள் என்றேன். அவர் டிக்கெட்டின் நிபந்தனைகளைப் பிரின்ட் எடுத்து என் முன்னாலேயே படித்தார். முப்பது பக்கத்துக்கு மேல். பாதுகாப்புக்காகக் கேப்டன் எந்தத் துறைமுகத்தையும் விடலாம், மாற்றலாம். அதற்கு நஷ்டஈடு கிடையாது. துறைமுகக் கட்டணம் மட்டும் திரும்ப வரும். ஒன்பதாம் பக்கத்தில் தெளிவாக இருந்தது. “படிச்சீகளாம்மா?” என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, அதனால்தான் கூடுதலாகச் சுட்டது.

“வழக்கு அவுக சொல்ற ஊர்லதான் நடக்கணும்னு எழுதியிருக்காக. அதை விடுங்க. நுகர்வோர் சட்டப்படி நாம குடியிருக்கிற மாவட்டத்துலயே போடலாம். சிவகங்கையில போடுவோம்” என்றார். “ஆனா ஒண்ணு. கப்பல் சட்டத்துல பயணி செத்தா இவ்வளவு, கால் ஒடிஞ்சா இவ்வளவு, பெட்டி தொலைஞ்சா இவ்வளவுன்னு இருக்கு. அக்காவைப் பாக்க முடியாமப் போனதுக்குன்னு ஒண்ணும் இல்லம்மா.”

மனுவை நானேதான் டைப் அடித்தேன். கடைசியில் ‘கோரும் பரிகாரம்’ என்று ஒரு தலைப்பு வரும். ஆயிரம் பேருக்கு அடித்திருக்கிறேன். அன்று அதற்குக் கீழே என்ன அடிப்பது என்று தெரியாமல் சாப்பாட்டு நேரம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். எனக்கு அக்கா வேண்டும் என்று மனுவில் கேட்க முடியுமா? பிறகு வக்கீல் சொன்ன தொகையை அடித்தேன்.

கேஸ் ஒரு வருஷத்துக்கு மேல் நடந்தது. அலை உண்மை, கேப்டன் செய்தது சரி, கப்பலில் இருந்த அத்தனை உயிருக்கும் அவர்தான் பொறுப்பு என்று எதிர்த்தரப்பு சொன்னது. கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கே அது சரியென்று பட்டது. கோபப்பட ஆள் இல்லாமல் போனதும் ஒரு கஷ்டம்தான். கடைசியில் எங்கள் பக்கம் பாதி தீர்ப்பாயிற்று. துறைமுகத்தை விட்டது குற்றமில்லை. முதல் நாள் ராத்திரியே வானிலை எச்சரிக்கை வந்தும் பயணிகளிடம் சொல்லாமல் இருந்தது சேவைக் குறைபாடு, அதற்குக் கொஞ்சம் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு.

உத்தரவு ஆறு பக்கம். இந்த முறை ஒரு வரி விடாமல் படித்தேன். நாலாம் பக்கத்தில் இப்படி இருந்தது: ‘புகார்தாரர் தாமே தாக்கல் செய்த முதல் சான்றாவணத்தின்படி, கப்பல் துறைமுகத்துக்கு வெளியே காத்திருந்த காலை 10.10 முதல் 11.20 வரையிலான நேரம் முழுவதும் அவர் வரவேற்பு மேசையில் இருந்துள்ளார். அந்நேரம் மேல்தளத்திலிருந்து கரை தெரிந்ததைப் புகார்தாரரின் கணவரும் ஒப்புக்கொள்கிறார்.’ நேரம் போடு, நேரம் போடு என்று நான்தான் கேட்டு வாங்கினேன்.

அக்காவுக்கு ஒரே சந்தோஷம். “ஜெயிச்சிட்டியாடி? அந்த ஆர்டரைப் போட்டோ எடுத்து அனுப்பு. ஆஸ்பத்திரியில நாலு மணி நேரம் சும்மாதானே கெடக்கேன், படிச்சுப் பாக்குறேன்” என்றாள்.

என் வேலையில் ஒரு காகிதத்தைக்கூட நான் பக்கம் குறைத்துக் கொடுத்ததில்லை. ஆறு பக்கத்தையும் மேசையில் வரிசையாக வைத்தேன். ஐந்தைப் படம் எடுத்து அனுப்பினேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்தே கூப்பிட்டாள். “ஏன்டி, மூணுக்கு அப்புறம் அஞ்சு வருது. நாலு எங்க?”

“அது வெறும் சட்டம்க்கா. ஒனக்குப் புரியாது.”

“சரி” என்றாள். பின்னால் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. நாகப்பட்டினத்துக் கப்பல் திரும்ப ஓட ஆரம்பித்தால் எப்படியாவது வந்துவிடுகிறேன், இந்தத் தடவை எல்லாத்தையும் படித்துவிட்டுத்தான் டிக்கெட் போடுவேன் என்றேன். அவள் சிரித்தாள். பிறகு இந்த ஒன்றரை வருஷத்தில் ஒரு தடவைகூடக் கேட்காததைக் கேட்டாள்.

“நான் ஒன்னயப் பாத்தேன்ல. நீ என்னயப் பாத்தியாடி? அண்டைக்கு நான் என்ன கலர் சேலை கட்டியிருந்தேன், சொல்லு பாப்போம்.”

“ரொம்பத் தூரம்க்கா. கலர் தெரியல. ஆனா நீதான்னு தெரிஞ்சுச்சு” என்றேன்.

போனை வைத்துவிட்டாளோ என்று காதை அழுத்திக் கேட்டேன்.

“பச்சைடி” என்றாள். “பச்சை கட்டியிருந்தேன்.”