அந்தத் தூரம் எங்கிருந்து வந்தது?

விமானம் ஓட்டும் கணினி விளையாட்டுக்காக நான் ஒரு போர் விமானம் செய்துகொண்டிருப்பது உங்களுக்குத் தெரியும். எதிரியின் ரேடாரை இரைச்சலால் குழப்பும் பகுதியைப் போன வாரம்தான் வெளியிட்டேன்.

இன்று காலை அப்பாவோடு பொன்னேரி பஸ்ஸில் போகும்போது, முகம் தெரியாத ஒருவரிடமிருந்து செய்தி வந்தது.

"எவ்வளவு கிட்ட வந்தால் ரேடார் அந்த இரைச்சலையும் மீறி விமானத்தைக் கண்டுபிடிக்கும் என்று ஒரு தூரம் வைத்திருக்கிறீர்களே, அது மிகச் சரி. எந்த ஆவணத்தில் எடுத்தீர்கள்?"

உண்மையான தூரம் ராணுவ ரகசியம்.

"இன்னாம்மா, மூஞ்சி இப்டி ஆயிடுச்சு?" என்றார் அப்பா.

விஷயத்தைச் சொன்னேன்.

"யார்னா குடுத்தாங்களா?"

"இல்ல நைனா, நானா போட்டேன். ஏரில நம்ம படகு மோட்டார் ஓடும்போது, பக்கத்து படகுல கத்துறது கிட்ட போனாதான கேக்குது? அத வெச்சி யோசிச்சேன்."

"அப்ப அதையே எழுது. இன்னாத்துக்கு பயப்புட்ற?"

எழுதினேன். பதில் வருவதற்குள் போலீஸ் வீட்டு வாசலில் வந்து நிற்பதுவரை கற்பனை செய்துவிட்டேன்.

பொன்னேரியில் இறங்கும்போது பதில் வந்தது. "அப்படியா! நான் செய்யும் விளையாட்டு விமானத்துக்கு நானும் குத்துமதிப்பாக அதே தூரம்தான் போட்டிருக்கிறேன். நீங்கள் எங்காவது பார்த்து எழுதியிருப்பீர்கள் என்று நினைத்தேன்."

அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருவேளை நாங்கள் போட்டது நிஜமாகவே சரியாக இருந்துவிட்டால்?

உண்மையான தூரம் தெரிந்தவர்கள் யாராவது இங்கே இருந்தால், தயவுசெய்து கமெண்டில் சொல்லிவிடாதீர்கள்.