துரை எழுதிப் போட்ட போர்டு

எங்கள் ரப்பர் தோட்டத்து மாட்டுக்கொட்டகை வாசலில் ஒரு தகரப் போர்டு உண்டு. வெள்ளைக்காரத் துரை காலத்தில் அடித்தது. அதில் நான்கே நான்கு ஆங்கில எழுத்துகள்: பி, ஒய், ஆர், ஈ. பத்து பெரண்டாம் என்ற ஊரிலிருந்து கல்யாணமாகி வந்த அம்மாதான் அதை முதலில் வாசித்துச் சொன்னாராம். "பாயார்." மலாய் மொழியில் பணம் கட்டு என்பதற்கு அப்படித்தானே சொல்வோம்? துரைக்கு மலாய் எழுத்துக் கூட்டத் தெரியவில்லை, பாவம் என்று தோட்டத்தில் எல்லோரும் நம்பிவிட்டார்கள்.

கொட்டகையில் நின்ற ஆறு மாடும் எங்களுடையவை. அப்பா பால் கறந்து ஊற்றுவார். ஆனால் யாரிடமும் வாய்திறந்து காசு கேட்க அவருக்கு வராது. கேட்பதற்குள் காது சிவந்துவிடும். யாராவது இழுத்தடித்தால் அம்மா போர்டைக் கைகாட்டுவார். "தொரையே எழுதிப் போட்டிருக்காரு லா. நான் என்ன பண்ண?" உடனே காசை எடுத்து நீட்டிவிடுவார்கள்.

நான் ஆறாம் ஆண்டு படிக்கும்போது மலாக்காவில் ஆங்கிலச் சொல் போட்டி நடந்தது. செலண்டார் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியான எங்கள் பள்ளியிலிருந்து நான் போனேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன், அதனால் என்ன?

வேனில் போகும்போது டீச்சர் என் தலையைத் தடவி, "மொதல் ரவுண்ட்லயே வெளிய வந்துட்டா அழக்கூடாது, சரியா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. கூட்டிக்கொண்டு போகிறவரே நம்பவில்லை என்றால் பிறகு என்ன இருக்கிறது? இன்றைக்கு ஜெயிக்காமல் வேனில் ஏறுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

முதல் சுற்று போனது, இரண்டாவதும் போனது. கடைசியில் மேடையில் இரண்டே பேர்: நானும், கழுத்தில் டை கட்டிய டவுன் பள்ளிப் பையன் ஒருவனும். ஒரு பொருளுக்கு மாறி மாறி ஆங்கிலச் சொல் சொல்ல வேண்டும். சொல் கிடைக்காதவர் தோற்றார். நடுவராக இருந்த மலாய் அம்மையார் பொருளைச் சொன்னார்: மாடு கட்டும் இடம்.

அவன் "கௌஷெட்" என்றான். நான் "பார்ன்" என்றேன். அவன் யோசிக்கவே இல்லை, "ஸ்டால்" என்றான். அடப்பாவி, இவன் மாட்டைப் படத்திலாவது பார்த்திருப்பானா! பிறந்ததிலிருந்து சாணி மிதித்து வளர்ந்தவள் நான், ஒரு சொல் கிடைக்காமல் நிற்கிறேன். நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போதுதான் அந்தத் தகரப் போர்டு கண்முன் வந்தது. பணம் கட்டச் சொல்லும் போர்டை ஆபீஸ் வாசலில் அல்லவா அடித்திருக்க வேண்டும்? மாட்டுக்கொட்டகையில் எதற்கு?

"பாயார்!" என்றேன்.

மண்டபமே சிரித்தது. நடுவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாருக்கம்மா பணம் கட்டப்போகிறாய் என்று மலாயில் கேட்டார். டீச்சர் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். எனக்கு அழுகை முட்டியது. ஆனால் ஆத்திரம் அதைவிடப் பெரிதாக இருந்தது. "பி! ஒய்! ஆர்! ஈ!" என்று கத்தினேன்.

நடுவரின் சிரிப்பு நின்றது. தலையணைத் தடிமனில் ஓர் அகராதியை இழுத்துப் பக்கம் புரட்டினார். விரல் ஓரிடத்தில் நின்றது. அந்தச் சொல்லையும் அதன் பொருளையும் மைக்கில் வாசித்தார்: பசு மாடுகளைக் கட்டும் கொட்டகை. உச்சரிப்புகூடக் கிட்டத்தட்டச் சரிதான் என்றும் சொன்னார். பிறகு டைக்காரனைப் பார்த்தார். அவன் வாயைத் திறந்தான், மூடினான், அவ்வளவுதான்.

டீச்சர் மேடைக்கே ஓடி வந்து கட்டிக்கொண்டார். "அடியேய்! எங்கடி படிச்ச இத?"

"எங்க மாட்டுக்கொட்டாய்ல டீச்சர்!"

அன்று சாயங்காலம் பரிசுக் கிண்ணத்தை வேன் ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டே தோட்டத்துக்குள் நுழைந்தேன். "அது பாயார் இல்ல! மாட்டுக்கொட்டாய்னுதான் எழுதியிருக்கு!" லயத்து வீடுகளில் இருந்தவர்கள் எல்லாம் வெளியே வந்து கைதட்டினார்கள். அப்பா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். எங்களிடம் பால் வாங்கும் மாமா ஒருவர், "அப்ப இத்தன வருசம் நம்மள ஏமாத்துனது மாட்டுக்கொட்டாயா? இந்த மாசம் மெதுவாத்தான் தருவேன் லா!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் காது சிவக்கச் சிரித்தார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவருக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அம்மா ஒரு பலகையையும் மிச்சச் சாயத்தையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "நீதான் ஸ்பெல்லிங்ல பெரிய ஆளாச்சே. பாயார்னு எழுது. தூரத்துலேர்ந்து பாத்தா தெரியணும்."

மலாக்காவையே ஜெயித்தவளுக்குத் தோட்டம் கொடுத்த முதல் மரியாதை என்றுதான் அதை எடுத்துக்கொண்டேன். சம்மணம் போட்டு உட்கார்ந்து முதல் எழுத்தைப் போட்டேன். அடுத்த எழுத்துக்கு இடம் அளப்பதற்குள், பால் ஊற்றிக்கொண்டிருந்த அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்:

"பி, ஏ, ஒய், ஏ, ஆர். தப்பில்லாம எழுது."

அப்படியே எழுதினேன். துரையின் எழுத்துக்குக் கீழே என் எழுத்து தொங்கிய பெருமையில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பாயாரை இவ்வளவு சரியாக எழுத்துக் கூட்டத் தெரிந்தவர் அந்தத் தகரப் போர்டை மட்டும் எப்படித் தப்பாக வாசித்தார் என்று, சொல் போட்டியில் முதல் பரிசு வாங்கிய எனக்குத் தோன்றவே இல்லை.