வட்டம் போட்ட பெயர்கள்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் ஒப்பந்த நர்சாகச் சேர்ந்தது இரண்டாயிரத்துப் பத்துக்குப் பிறகு. சர்க்கரை, ரத்த அழுத்தம், உடல் பருமன் உள்ளவர்களைக் கண்டுபிடித்துப் பதிவு செய்வதற்கென்றே எங்களை எடுத்திருந்தார்கள். பயிற்சி வகுப்பில் ஒரு டாக்டர், குண்டாக இருப்பவர்களால் நாட்டுக்கு எத்தனை வேலை நாட்கள் வீணாகின்றன, ஆஸ்பத்திரிச் செலவு எவ்வளவு ஏறுகிறது என்று திரையில் படம் போட்டுக் காட்டினார். அந்தப் படத்தில் தொப்பையோடு சோபாவில் சாய்ந்து டிவி பார்க்கும் ஓர் ஆண் இருந்தார். எங்கள் பக்கத்தில் நான் பார்த்த குண்டான மனிதர்கள் முக்கால்வாசிப் பேர் அண்டியாபீஸ் பெண்கள்.

முந்திரிப் பருப்புத் தொழிற்சாலையை இங்கே அண்டியாபீஸ் என்றுதான் சொல்வோம். எங்கள் ஊரான புதுக்கடையைச் சுற்றி அப்போது நிறைய இருந்தன. காலையில் கம்பெனி வேன் வீட்டு முக்கிலேயே வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். சிமென்ட் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, சின்னக் கத்தியால் பருப்பின் சிவந்த தொலியை உரித்துக்கொண்டே இருப்பார்கள். கிலோவுக்குத்தான் கூலி. எழுந்தால் கிலோ குறையும், அதனால் சாயங்காலம் வரை எழுவதில்லை. சீனி கூட்டிப் போட்ட சாயா, பன், மதியம் தூக்குவாளி நிறைய ரேஷன் அரிசிச் சோறு, மரச்சீனிக் கிழங்கு. பசி அடங்குவதற்குக் கைக்கு எட்டியது இவ்வளவுதான்.

அப்படி ஒரு கம்பெனிக்கு என்னை அனுப்பினார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பரிசோதித்துக்கொள்ள மேனேஜர் அனுமதி தந்திருந்தார். எடை பார்க்கும் மெஷினையும் இடுப்பு அளக்கும் டேப்பையும் பார்த்ததுமே பெண்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். ஒருத்தியை ஒருத்தி தள்ளிவிட்டார்கள். முதலில் வந்து நின்றது ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அக்கா. நல்ல தடித்த உடம்பு. ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை அவர் கையைச் சுற்றி வரவில்லை. நான் இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன்.

"சர்க்காரு பட்டைக்கு நீளம் போராது மக்கா. விடு, நாளைக்குக் கயிறு கொண்டுவா," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

விரலில் ஊசி குத்தியபோது ரத்தம் வரவில்லை. முன்பு அண்டி தல்லும், அதாவது முந்திரிக்கொட்டையை உடைக்கும், பிரிவில் இருந்தவராம். ஓட்டின் எண்ணெய் பட்டுப்பட்டு விரல் நுனி தோலெல்லாம் காய்த்துப் போயிருந்தது. மோதிர விரலின் பக்கவாட்டில் மூன்றாவது குத்தில் ஒரு சொட்டு வந்தது. சர்க்கரை பார்க்கும் கருவி முந்நூற்று எழுபது காட்டியது. காலில் எரிச்சல் உண்டா என்று கேட்டேன். ரெண்டு வருஷமாக உண்டு, தரையில் இருந்து வேலை பார்த்தால் எல்லாருக்கும் உள்ளதுதானே என்றார்.

அவரிடம் உணவு அட்டவணையைக் கொடுத்தேன். ஓட்ஸ், ஆப்பிள், கொழுப்பு நீக்கிய பால். அவர் எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதுல எழுதியிருக்கத எல்லாம் நீங்க தின்னுவியளா சிஸ்டர்?"

மக்கா என்று அழைத்தவர் சிஸ்டர் என்றதும் எனக்குச் சங்கடமாகிவிட்டது. இல்லை என்று தலையசைத்தேன்.

மூன்று நாட்கள் தொடர்ந்து போனேன். சர்க்கரை கூடுதலாக இருந்தவர்களின் பெயருக்கு நேரே சிவப்பு மையில் வட்டம் போட்டேன். மிக அதிகமாக இருந்தால் இரண்டு வட்டம். கடைசி நாள் மேனேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டு சாயா வாங்கித் தந்தார். மரியாதையாகப் பேசும் மனிதர்.

"அந்த லிஸ்டுல ஒரு காப்பி தாங்க சிஸ்டர். செவ்வாக்கிழமை தோறும் சுகம் இல்லாதவங்கள கம்பெனி வேன்லயே உங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைக்கேன். அவங்களா வரணும்னா ஒரு நாள் கூலி போவும்."

எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. ஜங்ஷனில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன். போகும்போது அரைக் கிலோ முழுப்பருப்பு ஒரு பாக்கெட் தந்தார். வாங்கிக்கொண்டேன். வீட்டில் பாயசம் வைத்தோம்.

செவ்வாய்க்கிழமை வேன் வரவில்லை. அடுத்த செவ்வாயும் வரவில்லை. அந்த அக்கா மட்டும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து மாத்திரை வாங்கிப் போனார். அவருடைய கணவர் தென்னையிலிருந்து விழுந்து இடுப்பு போனவர் என்பதும், ஒரே மகள் பாலிடெக்னிக்கில் படிக்கிறாள் என்பதும் அன்றைக்குத்தான் தெரியும்.

இரண்டு மாதம் கழிந்து வெளிநாட்டுத் தோட்டண்டி, அதாவது உடைக்காத முந்திரிக்கொட்டை, வரத்து குறைந்துவிட்டது என்று கம்பெனியில் ஆள் குறைத்தார்கள். மறுநாள் அந்த அக்கா சுகாதார நிலைய வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். மாத்திரைக்கு என்று நினைத்தேன்.

"வேலை போச்சு மக்கா. ஆரையெல்லாம் நிறுத்தணும்னு ஒரு பேப்பர நோக்கித்தான் வாசிச்சாவ. எனக்க பேருக்க நேர ரெண்டு வட்டமாம். நீதான் போட்டியா?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார், அவ்வளவுதான். ஆமாம் என்றேன். "செரி," என்று சொல்லி, தூணைப் பிடித்து மெதுவாக எழுந்து போனார்.

அன்று மதியமே கம்பெனிக்குப் போனேன். மேனேஜர் மறைக்கவில்லை.

"பத்து பேர நிறுத்தணும்னா எந்த பத்து பேர நிறுத்துவேன் சிஸ்டர்? இவங்க இருந்தா எழும்ப மாட்டாங்க, எழும்பினா பாத்ரூமுக்கு அடிக்கடி போவாங்க. மாசம் நாலு நாளு லீவு. நாளைக்கு இஞ்சயே விழுந்து செத்தா கேஸு எனக்க மேல வரும். சர்க்காராலயே தாங்க முடியாதுன்னு நீங்கதானே சொல்லுதிய? பின்ன நான் மட்டும் எப்பிடித் தாங்குவேன்?"

பயிற்சியில் எனக்குச் சொல்லித்தந்ததைத்தான் அவர் திருப்பிச் சொன்னார்.

மேலதிகாரியிடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, நோயாளியின் விவரத்தை வெளியாளுக்குக் கொடுத்தது யார் என்று கேட்டார். நீ புகார் எழுதிக் கொடுத்தால் முதலில் உன் ஒப்பந்தம்தான் போகும், யோசித்துக்கொள் என்றார். நான் யோசித்தேன். எழுதிக் கொடுக்கவில்லை. என் மகனுக்கு அப்போது ஒரு வயது, கணவர் வளைகுடாவுக்கு விசா எதிர்பார்த்துக்கொண்டிருந்தார் என்று பிறகு எத்தனையோ முறை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்த அக்கா நூறு நாள் வேலைக்குப் போகத் தொடங்கினார். கால்வாயில் இறங்கி மண் வெட்டும்போது உள்ளங்காலில் சிப்பித் துண்டு ஏறியிருக்கிறது. உணர்ச்சி மரத்துப்போன கால் என்பதால் அவருக்குத் தெரியவில்லை. மகள்தான் தரையில் ரத்தத் தடத்தைப் பார்த்திருக்கிறாள். மஞ்சளும் எண்ணெயும் வைத்துக் கட்டினார்களே தவிர எங்களிடம் வரவில்லை. வட்டம் போடும் இடத்துக்கு ஏன் வரவேண்டும்?

நான் கேள்விப்பட்டுப் போனபோது அவர் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருந்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. காப்பீட்டு அட்டையில் எல்லாம் ஒரே நாளில் பாஸாகிவிட்டதாம்.

"ஒரு பைசா வாங்கேல்ல," என்று அவர் கணவர் கட்டில் ஓரத்தில் இருந்து நன்றியோடு சொன்னார். "சர்க்காரு கொடுத்துட்டு."

அக்கா என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். "எடை கொஞ்சம் குறைஞ்சிருக்கும், இல்லியா மக்கா?"

நான் வெளியே வந்து மாடிப்படியில் நின்று அழுதேன். சர்க்கரை மாத்திரையும், காலுக்கு ஒரு மெத்தென்ற செருப்பும், செவ்வாய்க்கிழமைக்கு ஒரு வேனும் போதுமாக இருந்தது. அதற்கு எந்த அட்டையும் இருக்கவில்லை.

மறு வருடம் அதே கம்பெனிக்கு மறுபடியும் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். மேனேஜர் மாறியிருந்தார். மதியம் மணி அடித்ததும் மெஷினைத் தரையில் வைத்துக் காத்திருந்தேன். ஒருத்தியும் எழுந்து வரவில்லை. தலையைக் குனிந்து சோற்றைத் தின்றார்கள். சிலர் கழிப்பறைப் பக்கம் போய்விட்டார்கள். சுவரோரம் அந்த அக்காவின் மகள் இருந்தாள். பாலிடெக்னிக்கை விட்டுவிட்டு அம்மாவின் இடத்துக்கு வந்திருக்கிறாள். பக்கத்தில் போய் நின்றேன். இரண்டு கைகளையும் மடித்து அக்குளுக்குள் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணும் இல்ல. போங்க."

பதிவேட்டில் யாரும் வரவில்லை என்று எழுதினேன். மாதக் கூட்டத்தில் அந்தத் தாளைப் புரட்டிய அதிகாரி, அந்தக் கம்பெனியில் புதிய நோயாளிகள் இல்லை என்று குறித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கருவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு அந்தப் பெண்களின் வீடுகளுக்குப் போகத் தொடங்கினேன். பதிவேடு கொண்டுபோகவில்லை. முதல் வாரங்களில் வாசலோடு அனுப்பிவிட்டார்கள். அந்த அக்கா மட்டும் உள்ளே கூப்பிட்டு இருக்கச் சொல்வார், இன்சுலின் ஊசி போட்டுவிடச் சொல்வார். மகள் அடுக்களையிலிருந்து வெளியே வரமாட்டாள்.

நான்கைந்து மாதம் கழிந்து ஒரு மழை நாளில் அவள் தானாகவே வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். கம்பெனியில் சேர்ந்தபோது இருந்ததைவிட உடம்பு வைத்திருந்தது. கையை நீட்டினாள். அம்மாவின் விரலைப் போல இல்லை, மெல்லிய தோல், முதல் குத்திலேயே ரத்தம் வந்தது. கருவியில் எண் வந்தது.

இருநூற்றுப் பத்து. அவளுக்கு இருபத்திரண்டு வயது.

"ஆருக்கிட்டயும் எழுதிக் குடுக்காதீங்க அக்கா," என்றாள்.

"இல்ல," என்றேன். அவள் அம்மா கட்டிலில் இருந்தபடி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மழை விட்டும் நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.